முகத்தின் திட்டம் யாரிடம் இருக்கிறது? மண்டையோடும் தாடையும் உருவாகும் விதம்

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று நழுவி முன்னால் போய், திரும்பி வந்து உட்காரும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலைப்பகுதி. அப்படியே விரலைக் கன்னத்துக்கு இறக்கிப் பல்லைக் கடியுங்கள். ஒரு தசை புடைத்து நிற்கும். நெற்றிப்பொட்டில் கைவைத்துக் கடித்தால் அங்கேயும் ஒரு தசை அசைவது தெரியும். இந்தத் தசைகள் கீழ்த்தாடையில் தங்களுக்கென்று உள்ள இடங்களில்தான் போய் ஒட்டியிருக்கின்றன. ஒட்டும் இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் கடியின் பலமும், வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதும் மாறிவிடும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. கருவில் எலும்பு ஓர் இடத்தில் உருவாகிறது. தசைக்கான செல்கள் வேறோர் இடத்திலிருந்து நகர்ந்து வருகின்றன. இரண்டும் சரியான புள்ளியில் சந்தித்து, நடுவில் நாண் கட்டி, பிறந்த குழந்தை பால் குடிக்கும் அளவுக்கு இயங்கத் தயாராகிவிடுகின்றன. எது எங்கே ஒட்ட வேண்டும் என்ற தகவல் யாரிடம் இருக்கிறது?

இணைப்புத் திசுவிடம் என்பதுதான் கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் பதில்.

இணைப்புத் திசு என்றால் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும்: உறுப்புகளைத் தாங்கும், ஒன்றோடொன்று பிணைக்கும், இடைவெளியை நிரப்பும். எலும்பும் குருத்தெலும்பும் இந்த வகைதான். தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட், தசைக்குள்ளும் தசையைச் சுற்றியும் ஓடும் மெல்லிய உறை, மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் நார்ப் பட்டை, பல்லைக் குழிக்குள் பிடித்து வைத்திருக்கும் நார்கள் எல்லாமே இதில் சேரும். தசைக்கும் நரம்புக்கும் கிடைத்த கவனம் இதற்குக் கிடைத்ததில்லை. ஆனால் தலையைப் பொறுத்தவரை முக்கியமான வேலையை இதுதான் செய்கிறது.

ஊர்விட்டு ஊர் போகும் செல்கள்

கரு உருவாகும் ஆரம்பக் கட்டத்தில் அதில் மூன்று அடுக்குகள் இருக்கும். புற அடுக்கிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும், நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் ரத்தமும், உள் அடுக்கிலிருந்து குடலும் நுரையீரலும் என்று படித்திருப்போம். கை, கால், முதுகெலும்பு, விலா எலும்பு வரைக்கும் இந்தக் கணக்கு சரி. கழுத்துக்கு மேலே வந்தால் உடைகிறது.

கருவின் முதுகுப் பக்கத்தில் புற அடுக்கின் ஒரு பகுதி தட்டையாகி, இரு ஓரமும் எழும்பி மடிந்து, குழலாக மூடிக்கொள்கிறது. அந்தக் குழல்தான் பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும். ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும் அந்த முகட்டில் இருக்கும் செல்கள் குழலோடு தங்குவதில்லை. அங்கிருந்து கழன்று, கூட்டங்கூட்டமாக முன்பக்கம் நோக்கி நகர்கின்றன. இவற்றுக்கு நரம்பு முகட்டுச் செல்கள் என்று பெயர். மனிதக் கருவில் இது நான்காவது வாரத்தை ஒட்டி நடக்கிறது. தாய்க்குத் தான் கருவுற்றிருப்பதே தெரியாமல் இருக்கக்கூடிய காலம் அது.

தலைப் பகுதியில் கிளம்பும் முகட்டுச் செல்கள் கண்ணைச் சுற்றியும், வருங்கால வாயைச் சுற்றியும், தொண்டையின் இரு பக்கமும் வரிசையாக எழும்பும் வளைவுகளுக்குள்ளும் போய் நிறைகின்றன. முதல் வளைவிலிருந்து தாடை வரும். இரண்டாவதிலிருந்து நாக்குக்கு அடியில் உள்ள எலும்பின் ஒரு பகுதியும் காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பும் வரும். முகத்து எலும்புகள், தாடைக் குருத்தெலும்பு, தாடையின் தசைநாண்கள், பல்லின் உட்பகுதி, முகத்தோலின் அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் மூலம் இந்தச் செல்கள்தான். தசை நார்கள் மட்டும் நடு அடுக்கிலிருந்தே வருகின்றன. ஆக, நாம் மெல்லும்போது இழுக்கும் தசை ஒரு மூலத்திலிருந்தும், அதைச் சுற்றியிருக்கும் உறையும் நாணும் எலும்பும் இன்னொரு மூலத்திலிருந்தும் வந்தவை.

முகட்டுச் செல்களைக் கோழிக் கருவில் 1868இல் முதலில் விவரித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ். அவை குருத்தெலும்பாக மாறுகின்றன என்று சொன்னவர் ஜூலியா பிளாட் என்ற அமெரிக்கப் பெண். நெக்டியூரஸ் என்ற நீர்வாழ் சாலமாண்டரின் கருவைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தவர், தலையின் குருத்தெலும்பு புற அடுக்கிலிருந்து வருகிறது என்று 1893இல் எழுதினார். அன்றைய விலங்கியலில் எலும்பும் குருத்தெலும்பும் நடு அடுக்குக்கு மட்டுமே உரியவை என்பது அசைக்க முடியாத விதி. பெரும் பேராசிரியர்கள் அவரை ஏற்கவில்லை. 1898இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும் அவருக்கு நிரந்தரப் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் ஊரில் குடியேறி, 74 வயதில் 1931இல் அந்த ஊரின் மேயரானார். அதன் கடற்கரை உயிர்களைக் காக்கச் சட்டப் பாதுகாப்பும் வாங்கிக் கொடுத்தார். அவர் கண்டது சரி என்று அறிவியல் முழுமையாக ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஒரு துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பைச் செய்தவருக்கு அந்தத் துறையில் இடமே கிடைக்கவில்லை என்பது இன்றைக்கு நினைத்தாலும் மனதை உறுத்துகிறது.

காடையும் கோழியும்

பிளாட்டின் கூற்றை ஐயமில்லாமல் நிறுவ, ஓடும் செல்களைப் பின்தொடர ஒரு வழி வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸின் நிக்கோல் லெ துவாரன். காடையின் செல்லையும் கோழியின் செல்லையும் சாயமேற்றிப் பார்த்தால், காடையின் உட்கருவில் மட்டும் ஒரு அடர்ந்த புள்ளி தெரியும். கோழியில் அப்படி இல்லை. 1969இல் அவர் இதையே அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். காடைக் கருவின் ஒரு துண்டை எடுத்துக் கோழிக் கருவில் அதே இடத்தில் வைத்துப் பொருத்திவிட்டால், பல நாள் கழித்தும் எந்தச் செல் காடையினுடையது, எது கோழியினுடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடலாம். முகத்து எலும்புகளும் தாடையும் தசை உறைகளும் முகட்டிலிருந்து வந்தவை என்பது பறவைகளில் இப்படித்தான் உறுதியானது.

எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தாயிற்று. என்ன தகவலோடு வந்தன?

1983இல் அமெரிக்காவின் டிரூ நோடன் ஒரு சோதனை செய்தார். இரண்டாவது வளைவுக்குப் போகவேண்டிய முகட்டுச் செல்களைக் கோழிக் கருவிலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் முதல் வளைவுக்கு, அதாவது தாடைக்கு, உரிய காடைச் செல்களை வைத்தார். செல்கள் வழக்கம்போல நகர்ந்து இரண்டாவது வளைவுக்குள் போயின. ஆனால் அங்கே போய் அவை கட்டியது இரண்டாவதாக ஒரு தாடை எலும்புத் தொகுதியை. அதைவிட வியப்பு, அந்த வளைவில் ஏற்கனவே இருந்த கோழியின் சொந்தத் தசைகள் வந்தேறிய எலும்புகளோடு தாடைத் தசைகளின் பாணியில் ஒட்டிக்கொண்டதுதான். தசைக்குத் தனியாக ஒரு திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. சுற்றியிருந்த இணைப்புத் திசு சொன்னபடி அது நடந்துகொண்டது.

முகட்டுச் செல்கள் கிளம்பும்போதே எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டு வருகின்றன என்று இதை வைத்துக் கொஞ்ச காலம் நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. நோடன் எடுத்த துண்டோடு பக்கத்திலிருந்த மூளைப் பகுதியின் ஓரமும் சேர்ந்து வந்திருக்கலாம், அங்கிருந்து கசியும் வளர்ச்சிக் காரணியும் விளைவை மாற்றியிருக்கலாம் என்று 2002இல் ஒரு குழு காட்டியது. தொண்டையின் உள் அடுக்கும் குருத்தெலும்பின் வடிவத்துக்குக் கட்டளை தருகிறது என்று அதே ஆண்டில் லெ துவாரனின் குழுவே காட்டியது. ஆக, முகட்டுச் செல் எதுவும் தெரியாமல் வருவதும் இல்லை, எல்லாம் முடிவு செய்துகொண்டு வருவதும் இல்லை. போகும் வழியில் சுற்றத்தோடு பேசிப் பேசித்தான் முடிவெடுக்கிறது.

1996இல் கோழிக் கருவில் இன்னொரு நுணுக்கமான விஷயம் தெரிய வந்தது. மூளைத் தண்டின் ஒரு பகுதியிலிருந்து கிளம்பிய முகட்டுச் செல்கள் ஒரு தசையின் உள்ளுறையையும், அந்தத் தசை எலும்பில் ஒட்டும் சிறு திட்டையும் சேர்த்தே உருவாக்குகின்றன. எலும்பின் மற்ற பகுதி வேறு கூட்டத்திலிருந்து வந்திருந்தாலும் ஒட்டும் திட்டு மட்டும் தசை உறையின் சொந்தக்காரச் செல்களால் ஆனது. தசை தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற ஆரம்பக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட அழகான விடை இல்லை. இரண்டு முனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வாத்துக்குக் காடை அலகு

கோழியும் காடையும் நெருங்கிய உறவு; அலகும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். வடிவத்துக்கு யார் பொறுப்பு என்று அறிய, மிக வேறுபட்ட இரண்டு பறவைகள் வேண்டும். ரிச்சர்ட் ஷ்னைடரும் ஜில் ஹெல்ம்ஸும் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாத்தையும் காடையையும் எடுத்தார்கள். வாத்தின் அலகு அகன்று தட்டையானது. காடையினுடையது குட்டையாகக் கூரானது. வாத்து முட்டை பொரிய 28 நாள், காடைக்கு 17 நாள்.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முட்டையிலிருந்து ஊசியால் சிறிது வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் கரு கீழே இறங்கி ஓட்டைவிட்டு விலகும். பிறகு ஓட்டில் நுனிக் கத்தரியால் ஒரு சிறு ஜன்னல் வெட்டுகிறார்கள். ஒன்றரை நாள் வளர்ந்த கரு சில மில்லிமீட்டர் நீளம்தான். வெறும் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். நுண்ணோக்கிக்கு அடியில், கூராக்கிய டங்ஸ்டன் ஊசியால் முகட்டின் ஒரு துண்டைக் கீறி எடுத்து, அடுத்த இனத்தின் அதே துண்டை அங்கே பொருத்துகிறார்கள். ஜன்னலை டேப் ஒட்டி மூடி, முட்டையை மறுபடி அடைகாக்கும் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இரு கருக்களும் ஒரே பருவத்தில் இருக்க வேண்டும் என்பதால் முட்டைகளைப் பெட்டிக்குள் வைக்கும் நேரத்தையும் முன்னே பின்னே கணக்குப்போட வேண்டும்.

2003இல் வெளிவந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காடையின் முகட்டுச் செல்கள் போன வாத்துக் கருவுக்குக் காடையின் அலகு முளைத்தது. வாத்தின் செல்கள் போன காடைக் கருவுக்கு வாத்தின் அலகு. அலகின் மேல்தோல் விருந்தோம்பிய பறவையினுடையதுதான், ரத்தமும் அதனுடையதுதான். ஆனால் வடிவம் வந்தேறியவரின் சொல்படி அமைந்தது. கடிகாரமும் அப்படியே: காடைச் செல்கள் வாத்துக்குள் இருந்துகொண்டே தங்களுடைய வேகத்தில் மரபணுக்களை இயக்கி, வாத்தின் சொந்தத் திசுக்களையும் தங்கள் வேகத்துக்கு இழுத்தன.

2009இல் அதே ஆய்வகம் தாடைத் தசைகளைப் பார்த்தது. காடை இணைப்புத் திசு சூழ்ந்த வாத்துத் தசை, காடைத் தசையின் உருவத்தையும் ஒட்டும் இடத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. நோடன் கண்டதற்கு இனம் விட்டு இனம் கிடைத்த சாட்சி இது.

அப்புறம் ஒரு சின்னக் குருத்தெலும்பின் கதை. வாத்து நீருக்குள் சேற்றை அலசி உண்ணும் பறவை. அதன் தாடையை மூடும் தசை ஒட்டும் இடத்தில் ஒரு கூடுதல் குருத்தெலும்பு உண்டு. கொத்தித் தின்னும் காடையில் அது கிடையாது. வாத்துக் கருவுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்து அசையாமல் வைத்தால் அந்தக் குருத்தெலும்பு உருவாகவே இல்லை. காடையின் முகட்டுச் செல்களை வாத்துக்குள் வைத்தாலும் உருவாகவில்லை. அதாவது இணைப்புத் திசு தசையை ஒரு கோணத்தில் ஒட்டவைக்கிறது. அந்தக் கோணத்தில் தசை இழுக்கிறது. அந்த இழுவை திரும்பவும் இணைப்புத் திசுவில் குருத்தெலும்பைத் தூண்டுகிறது. 2018இல் இதற்கு இடைத்தரகர்களான இரண்டு வேதிச் சமிக்ஞை வழிகளையும் அடையாளம் கண்டார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே கரு வாயை அசைப்பது தாடையைச் செதுக்குகிறது. நம் தாடை மூட்டின் தலையில், அதாவது காதுக்கு முன்னால் நீங்கள் விரலால் தொட்ட எலும்பில், இருப்பதும் இதே வகைக் குருத்தெலும்புதான். மனிதக் கருவும் கருப்பைக்குள் வாயைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

தசைநாணிலும் இதையே காண்கிறோம். வரிக்குதிரை மீனில், தாடைத் தசை இல்லாவிட்டாலும் நாண் செல்கள் தம் இடத்தில் தோன்றிவிடுகின்றன. ஆனால் தசை வந்து சேரவில்லை என்றால் நிலைத்து நிற்பதில்லை. கங்கைச் சமவெளி ஓடைகளில் நீந்தும் இந்தச் சின்ன மீன் உலகமெங்கும் தாடை ஆய்வகங்களில் இருப்பதற்குக் காரணம் உண்டு: அதன் குஞ்சு கண்ணாடிபோலத் தெளிவானது, ஐந்து நாளில் தாடை இயங்கத் தொடங்கிவிடும். குருத்தெலும்பை நீலமாக்கும் ஆல்சியன் சாயமும் எலும்பைச் சிவப்பாக்கும் அலிசரின் சாயமும் ஏற்றிப் பார்த்தால், நகக்கண் அளவுகூட இல்லாத தலைக்குள் தாடையின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்.

மேல்தாடையா, கீழ்த்தாடையா?

ஒரே வளைவுக்குள் போன செல்களில் எவை மேல்தாடை, எவை கீழ்த்தாடை? இதைச் சில மரபணுக்கள் முடிவு செய்கின்றன. எலியில் டிஎல்எக்ஸ் 5, டிஎல்எக்ஸ் 6 இரண்டையும் நீக்கியபோது கீழ்த்தாடை மேல்தாடையாக மாறியது. மீசை முடி வரிசைகூட கீழேயும் முளைத்தது. இது 2002இல். அதற்கு முன்பே 1993இல், ஹாக்ஸ் ஏ2 என்ற மரபணுவை நீக்கினால் இரண்டாவது வளைவு தன்னை முதல் வளைவு என்று நினைத்துக்கொண்டு தாடைப் பகுதிகளை இரட்டிப்பாக்குகிறது என்று கண்டிருந்தார்கள்.

கீழ்த்தாடைக்குள் முதலில் தோன்றுவது மெக்கல் குருத்தெலும்பு என்ற நீண்ட கம்பி. எலும்பு அதற்கு வெளியே தனியாக உருவாகிறது. கம்பியின் பெரும்பகுதி பிறகு கரைந்துவிடும். அதன் பின்முனை மட்டும் காதுக்குள் தங்கி, நாம் கேட்கப் பயன்படும் சுத்தி எலும்பாகிறது. அதை அடுத்திருக்கும் பட்டடை எலும்பும் பழைய தாடை மூட்டின் மிச்சம்தான். கார்ல் ரைஹெர்ட் என்ற ஜெர்மானியர் 1837லேயே, கருக்களை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட்டார். ஊர்வனவற்றின் தாடை மூட்டு நம் காதுக்குள் இருக்கிறது. பிறந்த ஒப்போசம் என்ற பைப்பாலூட்டியின் குட்டி ஆரம்ப நாட்களில் அந்தப் பழைய மூட்டை வைத்தே பால் குடிக்கிறது. புது மூட்டு பிறகுதான் தயாராகும்.

மெக்கல் கம்பி கரையும்போது அதன் உறை நடுவில் ஒரு லிகமென்டாக மீந்து நிற்கிறது. மண்டையின் அடியிலிருந்து கீழ்த்தாடையின் உட்பக்கத்துக்கு வரும் பட்டை அது. கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்முன் பல் மருத்துவர் வாயின் பின்பக்கத்தில் மரக்கும் ஊசி போடுவார் இல்லையா, அந்த ஊசி போய் நிற்பது இந்தப் பட்டைக்கும் தாடை எலும்புக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான்.

முகட்டுச் செல்களின் பயணம் எளிதில் பாதிக்கப்படக்கூடியது. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கருவுற்ற காலத்தில் சாப்பிட்டால் குழந்தையின் காது, தாடை, இதயம் பாதிக்கப்படலாம் என்று 1980களில் உறுதியாயிற்று. இந்த மருந்தை எடுக்கும் பெண்களிடம் மருத்துவர்கள் கருத்தடையை வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். பருவுக்குத்தானே என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடக்கூடாத மாத்திரை.

மண்டையோட்டின் தையல்

தாடையிலிருந்து மேலே போவோம். மண்டையின் கூரை பல தட்டையான எலும்புகளால் ஆனது. இவை முதலில் குருத்தெலும்பாகி அப்புறம் எலும்பாவதில்லை. சவ்வு போன்ற இணைப்புத் திசுவிலிருந்து நேரடியாக எலும்பாகின்றன. பிறக்கும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. நடுவில் இருக்கும் நார்த்திசுப் பட்டையைத் தையல் என்பார்கள். நடு வகிடு எடுக்கும் கோட்டில் ஒன்று ஓடும். இரு காதுகளுக்கும் இடையே தலைக்குக் குறுக்காக இன்னொன்று. இவை சந்திக்கும் இடம்தான் குழந்தையின் உச்சிக்குழி. பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் அது மூடிவிடும். சிலருக்கு இரண்டு வயது வரை ஆகலாம். நெற்றியின் நடுத்தையல் முதல் ஆண்டிலேயே மூடும். மற்றவை பெரியவர்களாகும் வரை திறந்தே இருக்கும்.

திறந்திருப்பதற்கு இரண்டு காரணங்கள். பிரசவத்தின்போது எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடம் கொடுக்க வேண்டும். பிறந்த முதல் ஆண்டில் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதற்கேற்ப மண்டையோடும் விரிய வேண்டும். தையலின் ஓரத்தில்தான் புது எலும்பு சேர்கிறது. நடுவில் இருக்கும் திசு எலும்பாகாமல் தன்னைக் காத்துக்கொண்டே இரு பக்கமும் எலும்புச் செல்களைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கடினமான வேலை.

2002இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வின் படங்கள் இத்துறையில் எல்லோருக்கும் பரிச்சயம். முகட்டுச் செல்களும் அவற்றின் வாரிசுகளும் மட்டும் நீலமாகும்படி மரபணு மாற்றிய எலி அது. அதன் மண்டையில் நெற்றி எலும்பு முழுக்க நீலம். அதற்குப் பின்னால் உள்ள பக்கவாட்டு எலும்புகளில் நீலம் இல்லை. அவை நடு அடுக்கிலிருந்து வந்தவை. நிறம் மாறும் எல்லை துல்லியமாகக் குறுக்குத் தையலில் விழுந்தது. கருவின் ஆரம்பக் கட்டத்திலேயே பிரிந்த இரண்டு மூலங்கள் தலைக்கு நடுவில் சந்திக்கும் கோடு அது.

இந்தக் கோடு முன்கூட்டியே மூடிப்போவது ஒரு நோய். ஏதாவது ஒரு தையல் இப்படி மூடிப்போவது சுமார் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு நேர்கிறது. எந்தத் தையல் மூடுகிறதோ அதைப் பொறுத்துத் தலை ஒரு திசையில் வளராமல் நின்று வேறு திசையில் நீளும். வகிட்டுத் தையல் மூடினால் தலை முன்பின்னாக நீண்டுவிடும். குறுக்குத் தையலின் ஒரு பக்கம் மூடினால் நெற்றி ஒரு பக்கம் தட்டையாகும். சிலருக்கு மூளையைச் சுற்றி அழுத்தம் கூடும். மல்லாக்கப் படுத்தே இருப்பதால் குழந்தையின் பின்தலை தட்டையாவது வேறு விஷயம். அதில் தையல்கள் திறந்தே இருக்கும். பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் தையலின் மேல் விரலுக்கு வரப்புபோலத் தட்டுப்பட்டாலோ, தலையின் வடிவம் மாதத்துக்கு மாதம் மோசமானாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

குறுக்குத் தையல் ஏன் மூடிப்போகிறது? டுவிஸ்ட் 1 என்ற மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் இது நேரலாம். முதலில் தோன்றிய விளக்கம் எல்லைத் தகராறு: முகட்டுச் செல்கள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கலந்துவிடுவதால் பிரிவு அழிகிறது. 2006இல் எலியில் இதற்குச் சான்றும் கிடைத்தது. 2018இல் எலியையும் வரிக்குதிரை மீனையும் சேர்த்துப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். டுவிஸ்ட் 1, டிசிஎஃப் 12 என்ற இரண்டு மரபணுக்களும் பழுதான மீனில் எலும்பு ஆரம்பத்திலேயே அளவுக்கு மீறிய வேகத்தில் உருவாகி, எலும்புக்கு மூலமான செல்களின் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. தையல் உருவாகும்முன்னரே கஜானா காலி. என் பார்வையில் இரண்டாவது விளக்கம் அதிகம் சொல்கிறது. எல்லை கலைவதை அது மறுக்கவும் தேவையில்லை.

அந்தக் கையிருப்புச் செல்கள் எவை என்பது 2015இல் தெரிந்தது. ஜிஎல்ஐ 1 என்ற மரபணு இயங்கும் குருத்துச் செல்கள் (ஸ்டெம் செல்கள்) எலியின் தையல் நடுவில் குடியிருக்கின்றன. மண்டை ஓட்டில் காயம் பட்டால் அங்கே போய் எலும்பை ஆற்றுவதும் இவைதான். தையலுக்குப் பக்கத்தில் பட்ட காயம் சீக்கிரம் ஆறுவது இதனால்தான். இந்தச் செல்களை அழித்துவிட்டால் தையல்கள் எல்லாம் மூடிப்போய் மண்டையின் வளர்ச்சியும் நின்றது.

2021இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் யாங் சாய் குழு அடுத்த அடியை எடுத்து வைத்தது. டுவிஸ்ட் 1 பழுதான எலிகளில் மூடிப்போன குறுக்குத் தையல் இருந்த இடத்தில் எலும்பைக் கீறி எடுத்தார்கள். எலும்பை மட்டும் எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அதனால் அந்த இடைவெளியில், உடலில் கரையக்கூடிய ஜெல்லில் கலந்த ஜிஎல்ஐ 1 செல்களை வைத்தார்கள். அங்கே புதிய தையல் உருவாகித் திறந்தே நின்றது. மண்டையின் வடிவம் சீரானது, உள்ளழுத்தம் இறங்கியது, நினைவுத் திறனையும் பழகும் விதத்தையும் சோதித்தபோது எலிகள் முன்னேறியிருந்தன.

இன்று குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் நடக்கிறது. எலும்பை வெட்டி, இடம் விட்டு, வடிவம் மாற்றி வைப்பார்கள். அதில் தையல் திரும்பி வருவதில்லை. சிலருக்கு எலும்பு மறுபடி ஒட்டிக்கொண்டு இன்னொரு முறை திறக்க வேண்டியிருக்கிறது. அந்த முதல் சிகிச்சையில் வெட்டி ஒதுக்கப்படும் எலும்புத் துண்டுகளைப் பெற்றோரின் ஒப்புதலோடு ஆய்வகங்கள் வாங்கிக்கொள்கின்றன. மூடிப்போன தையலின் செல்களையும், அதே குழந்தையின் திறந்திருக்கும் தையலின் செல்களையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வளர்த்து, இவை எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.